கைத்தொழில் ஊர்களுக்கு இரண்டு நாள் பயணம்: எந்த ஊர், எந்தக் கிழமை, என்ன பார்ப்பது?

தமிழ்நாட்டில் சிலை வார்க்கிற, பாய் முடைகிற, கல் செதுக்குகிற சின்ன ஊர்களுக்கு வார இறுதியில் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன. தூரங்கள் தோராயமானவை.

"இந்த மாதிரி ஊர்னா எதையெல்லாம் சொல்றீங்க?"

இரண்டு நாளில் போய்வரக்கூடியவை என்றால் ஐந்து. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்கள்: சுவாமிமலை (உலோகச் சிலை), நாச்சியார்கோவில் (குத்துவிளக்கு), திருபுவனம் (பட்டு), நரசிங்கம்பேட்டை (நாதஸ்வரம்). அடுத்தது தஞ்சாவூர்: ஓவியம், வீணை, தலையாட்டி பொம்மை, நெட்டி (தக்கைபோன்ற நீர்த்தாவரத் தண்டு) வேலை. மூன்றாவது செட்டிநாடு. அங்கே ஆத்தங்குடி தரைக்கல், கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், அப்புறம் வீடுகள். நான்காவது மாமல்லபுரத்துக் கற்சிற்பம். ஐந்தாவது திருநெல்வேலிப் பக்கம் பத்தமடைப் பாய்.

காஞ்சிபுரம், மதுரை போன்றவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அங்கேயும் நல்ல வேலை நடக்கிறது. ஆனால் ஊர் பெரிது. தறியைத் தேடி அலைவதிலேயே பாதி நாள் போய்விடும்.

"முதல் தடவை போறோம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

கும்பகோணத்தில் தங்கி, சுவாமிமலையும் நாச்சியார்கோவிலும். சுவாமிமலை மேற்கே ஏழு கிலோமீட்டருக்குள், நாச்சியார்கோவில் திருவாரூர் சாலையில் பத்து கிலோமீட்டர். ஒன்றில் மெழுகு வைத்து வார்க்கிறார்கள், மற்றொன்றில் மணலில் வார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவில் தாராசுரம் கோவிலையும் பார்த்துவிடலாம்.

"சனி, ஞாயிறுல பட்டறை திறந்திருக்குமா?"

பயணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான். சனிக்கிழமை வேலை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பட்டறைகளில் கடைப் பக்கம் மட்டும் திறந்திருக்கும், உள்ளே கை ஓடாது. ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை முழுக்கப் பட்டறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோவில், அரண்மனை, பழைய வீடு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சனிக்கிழமை கோவிலைச் சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கொட்டகையைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

கிளம்புமுன் நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். நெசவிலும் சிற்பத்திலும் அன்று வேலை செய்யாத பட்டறைகள் நிறைய. ஆயுத பூஜைக்குக் கருவிகள் பூஜையில் இருக்கும். பொங்கல் வாரத்திலும் ஆள் இருக்கமாட்டார்கள். பத்தமடையில் நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பங்கள் என்பதால் வெள்ளிக்கிழமை நண்பகலையும் பெருநாட்களையும் தவிர்ப்பது நல்லது.

"சுவாமிமலையில என்னதான் பாக்கணும்? எவ்வளவு நேரம் ஆகும்?"

ஒரு பட்டறையில் நிதானமாக ஒன்றரை மணி நேரம் போதும். நாலு பட்டறை ஏறி இறங்குவதைவிட ஒன்றிலேயே உட்காருவது மேல். ஒரே சமயத்தில் வெவ்வேறு நிலையில் பல சிலைகள் இருக்கும். முதலில் மெழுகு. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கொஞ்சம் கடலை எண்ணெயையும் சேர்த்து உருக்கியது. கை, கால், கிரீடம் என்று தனித்தனியாகச் செய்து, சூடான கத்தியால் ஒட்டுவார்கள். வெயில் ஏறினால் மெழுகு இளகும் என்று பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். செய்த கையை அதில் போட்டு இறுக வைத்து எடுப்பார்கள்.

அடுத்து மண். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல். மாவுபோல நைஸாக இருப்பதால் மெழுகில் உள்ள நகக்கீறல்வரை அதில் பதியும். அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் சேரும், மேலே இரும்புக் கம்பி கட்டுவார்கள். நிழலில்தான் உலர்த்துவார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும், வெடித்த இடத்தில் உலோகம் கசியும். பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை வடித்துவிட்டு, அந்தக் காலியிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள்.

மெழுகுக் கருவை எடைபோட்டுப் பார்ப்பதைக் கவனியுங்கள். ஒரு கிலோ மெழுகுக்கு ஏறக்குறைய எட்டு கிலோ உலோகம் என்பது கணக்கு. அதைவிடக் குறைவாக உருக்கினால் ஊற்றும்போது பாதியில் தீர்ந்து சிலை பழுதாகும். அச்சை உடைத்து எடுத்த சிலை கரடுமுரடாகக் கறுத்திருக்கும். உளியும் அரமும் வைத்து அதைத் துலக்குவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. நீங்கள் போகும் நாளில் பெரும்பாலும் காதில் விழுவது இந்த உளிச்சத்தம்தான்.

"உலோகம் ஊத்தறத பாக்கணும்னா?"

வார்ப்பு தினமும் கிடையாது. போதுமான அச்சுகள் சேர்ந்த பிறகே உலை மூட்டுவார்கள். இரண்டு நாள் முன்னால் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசி, "இந்த வாரம் வார்ப்பு இருக்குங்களா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சில பட்டறைகளில் அந்த நேரத்தில் வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ஈரம் தங்கிய அச்சில் உலோகம் பட்டால் தெறிக்கும் என்பது ஒரு காரணம், கோவில் சிலை வார்க்கும்போது பூஜை முறை இருப்பது இன்னொன்று. கண் திறப்பும் அப்படித்தான், கேட்காமல் எட்டிப் பார்க்க வேண்டாம்.

மணல் வார்ப்பு பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நாச்சியார்கோவில் சுலபம். விளக்கின் பாதம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு இணைப்பார்கள். வேலை வேகமாக நடக்கும். ஒரு காலைப்பொழுதில் எல்லா நிலையும் பார்த்துவிடலாம்.

"தஞ்சாவூரா, கும்பகோணமா?"

நாற்பது கிலோமீட்டர் இடைவெளிதான், ஆனால் அனுபவம் வேறு. தஞ்சாவூரில் வேலை வீட்டுக்குள் நடக்கிறது, தெருவில் நடந்தால் ஒன்றும் தெரியாது. முன்கூட்டியே ஓர் ஓவியரிடமோ வீணை செய்பவரிடமோ பேசிவைத்திருந்தால் தஞ்சாவூர். பேசிவைக்கவில்லை என்றால் கும்பகோணம்.

எங்களைக் கேட்டால் தஞ்சாவூரில் ஓவியத்தைவிட வீணைப் பட்டறைதான் பார்க்க வேண்டியது. பலாமரத்தைக் குடைந்து குடம் எடுப்பார்கள். குடம், தண்டி (கழுத்துப் பகுதி) எல்லாமே ஒரே மரத்துண்டில் வந்தால் அது ஏகாந்த வீணை. எல்லாம் முடிந்த பிறகு, கறுப்பு மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் (தந்திக்கு அடியில் சுரம் பிரிக்கும் உலோகக் கட்டைகள்) ஒவ்வொன்றாக அழுத்தி, தந்தியை மீட்டி, காதால் சரிபார்த்து நகர்த்தி வைப்பதை ‘மேளம் கட்டுவது’ என்கிறார்கள். அது நடக்கும் நாள் வாய்த்தால் பேசாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். அவருக்குக் காது வேண்டும்.

"செட்டிநாடுன்னா வீடு பாக்கறதுதானே? அதுல கைவேலை எங்க இருக்கு?"

காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் ஆத்தங்குடி. அங்கே தரைக்கல் செய்யும் கொட்டகைகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன, யாரிடமும் முன்கூட்டிப் பேச வேண்டாம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவார்கள். மேலே உலர்ந்த சிமெண்ட்–மணல் தூவல், அதன் மேல் ஈரக் கலவை. சில நிமிஷத்தில் ஒரு கல். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளையில் சுடுவதே இல்லை. பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

வீடுகளுக்குக் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் போதும். பெரும்பாலான வீடுகள் பூட்டியிருக்கும். கல்யாணம், காரியம் என்றால்தான் குடும்பங்கள் வந்து திறப்பார்கள். கட்டணம் வாங்கிக் காட்டும் வீடுகள் சில உண்டு. மற்றதை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் நீளத்தைப் புரிந்துகொள்ள, வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும்.

"மாமல்லபுரம் சுற்றுலாத் தலமாச்சே. அதையும் சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். ஆனால் கடற்கரைக் கோவில் பக்கம் உள்ள பரிசுப்பொருள் கடைகளை வைத்து முடிவு கட்டாதீர்கள். அங்குள்ள குட்டிப் பிள்ளையார்கள் எல்லாம் அந்த ஊரில் செய்தவை என்று சொல்ல முடியாது. பெரிய சிலைகள் செய்யும் கூடங்களுக்குப் போங்கள், கருங்கல் துகள் பறப்பதை வைத்தே அடையாளம் தெரியும். இப்போது முதல் வெட்டு முழுக்க மின்சார அறுப்பானில்தான். முகம், விரல், நகை ஆகியவற்றில் மட்டும் உளி. கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கும், அதனால் பக்கத்திலேயே சின்ன உலை வைத்து அடிக்கடி தட்டித் தீட்டுவார்கள்.

அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி 1957 முதல் இங்கே நடக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தங்காமல் போய்வரும் தூரம் என்பதுதான் இந்த ஊரின் பெரிய வசதி. வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற கைவினை அருங்காட்சியகம், ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இரண்டும் இருக்கின்றன.

"பத்தமடை வரைக்கும் ஒரு பாய்க்காகப் போகணுமா?"

பாய் மட்டுமே காரணம் என்றால் பலருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வோம். தறிகள் வீட்டுக்குள், நெய்பவர்கள் பெண்கள், விருந்தாளிக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை. யாராவது தெரிந்தவர் மூலமோ கூட்டுறவுச் சங்கம் மூலமோ போனால்தான் உள்ளே அழைப்பார்கள். ஆனால் துணிவேலையில் ஈடுபாடு உள்ளவர்கள் இந்த ஐந்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோரையை உலர்த்தி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, இழை இழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் (தறியில் நீளவாட்டில் கட்டிய நூலில்) ஒவ்வொன்றாகக் கோக்கிறார்கள். இழை எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நாள்.

‘பட்டுப் பாய்’ என்கிற மிக நைஸான கோரைப் பாயைத் துணிபோல மடிக்கலாம். நடுத்தரப் பாயைச் சுருட்டத்தான் வேண்டும், மடித்தால் கோரை முறியும். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு நாலைந்து வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். தங்குவது திருநெல்வேலியில், இருபது கிலோமீட்டருக்குள். அதே சாலையில் மேற்கே போனால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரை ஊர்கள் வரிசையாக வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.

"கார் இல்லாம முடியுமா?"

கும்பகோணம் முடியும். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மேலே சொன்ன நாலு ஊருக்கும் நகரப் பேருந்து உண்டு. மாமல்லபுரத்துக்குச் சென்னையிலிருந்து நேரடிப் பேருந்துகள் இருக்கின்றன. திருநெல்வேலி–அம்பாசமுத்திரம் பேருந்துகளில் பத்தமடை வழி போகிறதா என்று கேட்டு ஏறினால் ஊருக்குள்ளேயே இறங்கலாம்.

செட்டிநாட்டில்தான் சிரமம். பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னையில் மாலை நேரத்தில் கிளம்பி இரவில் காரைக்குடி சேரும், அதுவரை சரி. அதன் பிறகு கிராமத்துக்குக் கிராமம் பேருந்துக்குக் காத்திருந்தால் ஒரு நாளில் இரண்டு இடம்தான் பார்ப்பீர்கள். காரைக்குடியில் ஒரு நாளுக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. வெள்ளி இரவு வண்டிகளில் இடம் சீக்கிரம் தீரும், ஞாயிறு இரவு திரும்பும் வண்டிகளில் அதைவிடச் சீக்கிரம்.

"எந்த மாசம் போறது?"

தை கடைசியிலிருந்து பங்குனி பாதிவரை எல்லா ஊருக்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அச்சு உலராது, தரைக்கல் காயாது, நெசவுத் தெருவில் பாவு ஓட முடியாது. போனால் பாதி வேலை நின்றிருக்கும். சித்திரை, வைகாசியில் வேலை நடக்கும், நமக்குத்தான் தாங்காது.

முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். சுவாமிமலையில் கிருத்திகை, சஷ்டி நாட்களில் சாலையே நிற்கும். அடுத்த மகாமகம் 2028 மாசியில் வருகிறது. பட்டறை பார்க்க நினைப்பவர்கள் அந்த மாதம் கும்பகோணத்தை மறந்துவிடலாம். இசை கேட்கப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு: திருவையாற்று ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில், மெலட்டூர் பாகவத மேளா (இசையோடு நடக்கும் நாட்டிய நாடகம்) நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மே மாதவாக்கில்.

"சனிக்கிழமை சாயங்காலம்தான் கிளம்ப முடியும். ஞாயிறு ஒரு நாள்தான் இருக்கு. எங்க போறது?"

ஞாயிறு பட்டறை ஓடாது என்று முன்பே சொன்னோம். அதனால் சுவாமிமலையும் பத்தமடையும் அந்தக் கணக்கில் வராது. செட்டிநாடு வரும், காட்டும் வீடுகள் ஞாயிற்றுக்கிழமையும் காட்டும். சென்னையில் இருப்பவர்கள் தட்சிணசித்ரா போகலாம்; அதற்கு விடுமுறை செவ்வாய்க்கிழமைதான். மண்பாண்டம் வனைவது போன்றவற்றை அங்கே செய்து காட்டுவார்கள், குழந்தைகளும் கை வைக்கலாம். பார்வையாளருக்காகச் செய்து காட்டுவது வேறு, பிழைப்புக்காகச் செய்வது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

"பட்டறைக்குள்ள போனா ஏதாவது வாங்கித்தான் ஆகணுமா? போட்டோ எடுக்கலாமா?"

வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. "பாக்க வந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குவதுபோல் விலை கேட்டுப் பேரம் பேசி, கடைசியில் நழுவுவதுதான் அவர்களுக்கு எரிச்சல். ஒரு மணி நேரம் ஒருவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டிருந்தால் அவர் நேரத்துக்கு ஏதாவது கொடுப்பது மரியாதை. துலக்குபவர், பாய் முடைபவர் ஆகியோருக்குத் துண்டுக் கணக்கில் கூலி, நின்ற நேரம் அவருக்கு நஷ்டம்.

போட்டோவுக்குக் கேட்டுவிட்டு எடுங்கள். புது வடிவங்களை எடுக்க வேண்டாம் என்பார்கள். எடுத்துப்போய் வேறு இடத்தில் நகல் செய்துவிடுகிறார்கள் என்ற பயம் நியாயமானதே.

"நேரா செய்யறவங்ககிட்ட வாங்கினா பாதி விலைக்குக் கிடைக்கும்னு சொல்றாங்களே?"

பாதியெல்லாம் இல்லை. உலோகத்துக்கு எடை விலை, வேலைக்குக் கூலி என்று பிரித்துக் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். வாடகைக் கார் ஓட்டுநரோ வழிகாட்டியோ ‘தெரிஞ்ச இடம்’ என்று நிறுத்தும் கடையில் அவர் கமிஷனும் சேர்ந்துதான் விலை. எந்தப் பட்டறை என்று நீங்களே பெயர் சொல்லிப் போனால் அது மிச்சம். விலை எவ்வளவு இருக்கலாம் என்று பிடிபடவில்லை என்றால் முதலில் அரசின் பூம்புகார் கடையில் அதே அளவு பொருளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

"புவிசார் குறியீடு இருக்குன்னு போர்டு வச்சிருக்காங்க. அப்ப அசல்தானே?"

குறியீடு ஊரின் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது, அந்தக் கடையில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் அல்ல. பொருளைத்தான் பார்க்க வேண்டும். சுவாமிமலையில் ஒரே அளவில் பத்து நடராஜர் மூக்கு நுனிகூட மாறாமல் வரிசையாக நின்றால், மெழுகைக் கையால் செய்யாமல் அச்சில் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டியது 22 காரட் தங்கத் தாள்தானா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். போலித் தாள் சில வருஷத்தில் கறுக்கும்.

குத்துவிளக்கை அங்கேயே கழற்றி மாட்டிப் பாருங்கள், மரை சிக்காமல் ஓட வேண்டும். சமதரையில் வைத்தால் ஆடக் கூடாது. தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் விட்டு அடியைத் தடவுங்கள். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் விரலில் ஈரம் படும். வீட்டுக்குப் போய் எண்ணெய் ஒழுகுவதைப் பார்ப்பதற்கு இது மேல்.

"சிலையை வெளிநாட்டுல இருக்கிற பொண்ணுக்கு எடுத்துட்டுப் போகலாமா? ஆத்தங்குடிக் கல்லு பெட்டியில வைக்கலாமா?"

புதுச் சிலைக்குத் தடையில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. உங்களுடையது பழசல்ல என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் கையில் இருந்தால் விமான நிலையத்தில் பிரச்சினை வராது. பழசுபோலப் பாசி நிறம் ஏற்றிய சிலைகளுக்கு இது இன்னும் அவசியம். வழக்கமாக ஏற்றுமதி செய்யும் பட்டறைகள் அதை வாங்கிக் கொடுப்பார்கள், ரசீதும் தருவார்கள். ஒரே நாளில் கிடைக்காது.

ஆத்தங்குடிக் கல் எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் என்றால் ஒன்றே ஒன்றரை கிலோவைத் தாண்டும். சுடாத கல் ஆகையால் முனை சுலபமாகப் பெயரும். முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் காகிதம், நாலு முனைக்கும் அட்டை வைத்துக் கட்டுங்கள். நினைவுக்கு இரண்டு போதும். தரைக்கே வேண்டுமென்றால் லாரியில் வரவழைத்து, போடத் தெரிந்த ஆளையும் அங்கிருந்தே கூப்பிடுங்கள். சாதாரணக் கொத்தனார் போட்டால் மேடுபள்ளமாகிவிடும்.

"கூட வயசான அம்மா, ஆறு வயசுப் பையன். சரிப்படுமா?"

அம்மாவுக்குச் செட்டிநாடு. திண்ணையும் முற்றமுமாக உட்கார இடமுண்டு, கார் வாசல்வரை போகும். சுவாமிமலைக் கோவிலுக்கு 60 படி ஏற வேண்டும். பட்டறை தரைமட்டத்தில்தான், ஆனால் நாற்காலி கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பையனை உலை இருக்கும் இடத்துக்கும் கருங்கல் அறுக்கும் கூடத்துக்கும் கூட்டிப்போக வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆத்தங்குடியில் கரண்டியால் வண்ணம் ஊற்றுவதை எந்தக் குழந்தையும் அரை மணி நேரம் பார்க்கும்.

"கும்பகோணம், தஞ்சாவூர், செட்டிநாடு மூணையும் ரெண்டு நாள்ல முடிச்சிடலாமா?"

சாலைக் கணக்கில் முடியும். ஆனால் வேலை நடக்கும் காலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது சனிக்கிழமைக் காலை. அதை எந்த ஊருக்குக் கொடுக்கிறீர்களோ அந்த ஊர்தான் நீங்கள் பார்த்த ஊர், மற்ற இரண்டும் வழியில் வந்தவை. கும்பகோணத்துக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மாலை தஞ்சாவூர் போய்த் தங்கி, ஞாயிறு காலை பெரிய கோவிலும் சரசுவதி மகால் பக்கமும் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம். செட்டிநாட்டை அடுத்த மாசத்துக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை விடுப்புக் கிடைத்தால் மட்டும் கணக்கு மாறும்: வெள்ளி காலை சுவாமிமலை, சனி காலை ஆத்தங்குடி.